முதுநிலை மருத்துவம்: ஊரின் பெயர் மட்டும் போதுமா?

முதுநிலை மருத்துவக் கலந்தாய்வு தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும், எம்.பி.பி.எஸ். முடித்த இளம் மருத்துவர்களின் வீடுகளில் ஒரு கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது: எந்த ஊருக்குப் போவது? என்ன பாடப்பிரிவு என்பதை விருப்பமும் தரவரிசையும் ஓரளவு தீர்மானித்துவிடுகின்றன. ஊர் அப்படியல்ல. விரும்பிய பாடம் தொலைவில் உள்ள ஒரு மாவட்டத் தலைநகரில் கிடைக்கலாம்; பெருநகரில் வேண்டுமென்றால் வேறொரு பாடத்தோடு நிறைவடைய வேண்டியிருக்கலாம். இணையவழிப் படிவத்தில் நூற்றுக்கணக்கான கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பூட்டுவதற்குச் சில நாள்களே அவகாசம். அந்த வரிசையே அடுத்த மூன்று ஆண்டுகளை, பல வேளைகளில் அடுத்த முப்பது ஆண்டுகளை, முடிவுசெய்கிறது.

நான் பொருளாதாரம் கற்பித்தவன், மருத்துவம் அறியாதவன். ஆயினும் என் பழைய மாணவர்கள் சிலர், தங்கள் பிள்ளைகளின் விருப்பப் பட்டியலுடன் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். அவர்களிடம் நான் எளிய வினாக்களையே கேட்கிறேன். அந்தத் துறையில் படிக்கும் ஒருவர் மூன்று ஆண்டுகளில் எத்தனை அறுவைச் சிகிச்சைகளைத் தம் கையால் செய்கிறார்? இரவுப் பணியில் மூத்த மருத்துவர் உடன் இருப்பாரா? உதவித்தொகை மாதந்தோறும் வருகிறதா? படிப்பை இடையில் விட்டவர்கள் எத்தனை பேர்? இவற்றுக்கு எந்த வீட்டிலும் பதில் இல்லை. "சென்னை என்றால் நன்றாகத்தான் இருக்கும்", "வடக்கே போனால் கஷ்டம்" என்பன போன்ற பொதுக் கருத்துகளே கிடைக்கின்றன. பெற்றோரை இதற்காகக் குறைகூற முடியாது. அவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவற்றை வெளியிடும் பொறுப்பில் இருப்போர் அவற்றை வெளியிடுவதில்லை.

சுதந்திரம் உண்டு, தகவல் இல்லை

சட்டத்தைப் பொறுத்தவரை, இளம் மருத்துவர்களின் தெரிவுரிமை விரிந்துகொண்டே வந்திருக்கிறது. அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் 50 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்கிறது. எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனம் போன்றவற்றுக்குத் தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது. முதுநிலை மருத்துவ இடங்களில் இருப்பிட அடிப்படையிலான இட ஒதுக்கீடு அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவுக்கு முரணானது என்று 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. 1984ஆம் ஆண்டின் பிரதீப் ஜெயின் வழக்குத் தீர்ப்பின் வழியிலேயே அது சென்றது. அதே கல்லூரியில் இளநிலை படித்தவர்களுக்கு ஓரளவு முன்னுரிமை தருவதற்கு மட்டும் இடமளித்தது.

தம் வரிப்பணத்தில் கல்லூரிகளைக் கட்டி, மருத்துவமனைகளை நடத்தும் மாநிலங்களின் உரிமை என்னாவது என்ற கேள்வி இத்தீர்ப்பைத் தொடர்ந்து எழுந்தது. அது நியாயமான கேள்வி. தனியே விவாதிக்க வேண்டியதும்கூட. இங்கு நான் சுட்ட விரும்புவது வேறு. இந்தியக் குடிமகன் எந்த ஊரில் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால், அந்த ஊரில் அவருக்கு என்ன காத்திருக்கிறது என்பதை அறியும் வழியை எவரும் ஏற்படுத்தித் தரவில்லை.

பொருளாதாரத்தில் இதற்குத் தகவல் சமச்சீரின்மை என்று பெயர். பழைய கார் விற்பனையை எடுத்துக்காட்டாக வைத்து ஜார்ஜ் அகெர்லோஃப் 1970இல் எழுதிய கட்டுரை இதை விளக்கியது. நல்ல காரையும் பழுதான காரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது, நல்ல காருக்கும் உரிய விலை கிடைப்பதில்லை. முதுநிலை மருத்துவத்திலும் இதுவே நடக்கிறது. ஒரு சிறு நகரக் கல்லூரியில் அர்ப்பணிப்புள்ள பேராசிரியர்களும் நிறைந்த நோயாளிகளும் உள்ள ஒரு துறை இருக்கலாம். வெளியே இருப்பவருக்கு அது தெரியாது. பெயருக்கு நடக்கும் இன்னொரு துறையோடு சேர்த்தே அது மதிப்பிடப்படுகிறது. தரத்தை அளக்க வேறு கருவி இல்லாத இடத்தில், ஊரின் பெயரே தரத்தின் முத்திரையாகிவிடுகிறது.

முத்திரை மறைப்பவை

ஊரின் பெயர் சொல்லாத செய்திகள் பல. முதலாவது, கைப்பயிற்சி. பெருநகரத்தின் பழம்பெரும் மருத்துவமனைகளுக்கு அரிய நோய்களும் சிக்கலான நோய்களும் வந்து சேர்கின்றன. நவீனக் கருவிகளும் பெயர்பெற்ற ஆசிரியர்களும் அங்கு உண்டு. அதேவேளையில், இதயம், சிறுநீரகம், நரம்பியல் என உயர் சிறப்புத் துறைகள் அங்கே தனித்தனியாக இயங்குகின்றன. பொது மருத்துவமோ பொது அறுவைச் சிகிச்சையோ படிப்பவரிடமிருந்து அந்த நோயாளிகள் பிரிந்து போய்விடுவதும் உண்டு. மாவட்டக் கல்லூரியில் பாம்புக்கடி, பூச்சிமருந்து நஞ்சு, சாலை விபத்து, சிக்கலான பிரசவம் என எல்லாமே முதுநிலை மாணவரின் கைக்கு நேரடியாக வரும். ஆனால், அவரது கையைப் பிடித்துக் கற்றுத்தர ஆள் போதுமா என்பது துறைக்குத் துறை மாறும். எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல இயலாது. துறைவாரியாகத் தெரிந்தால் மட்டுமே சொல்ல இயலும்.

இரண்டாவது, மொழி. நோய் அறிதலின் முதற்படி நோயாளியின் சொல்லைக் கேட்பது. "நெஞ்சு கரிக்குது" என்பதும் "நெஞ்சை அடைக்குது" என்பதும் வெவ்வேறு திசைகளைக் காட்டும் சொற்கள். "கிறுகிறுன்னு வருது", "கை கால் மரத்துப் போகுது", "வயித்தைப் பிசையுது" என்று மதுரைப் புறநோயாளிப் பிரிவில் ஒரு மூதாட்டி சொல்வதை, வேறு மாநிலத்திலிருந்து வந்த மருத்துவர் புரிந்துகொள்ளச் சில மாதங்களாவது பிடிக்கும். வாராணசிக்கோ ரோத்தக்குக்கோ செல்லும் நம் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். மொழி கற்பது நல்லதே. பலர் ஆறு மாதங்களில் கற்றுத் தேர்ந்துவிடுகிறார்கள். ஆனால், முதல் நாள் இரவுப் பணியிலேயே அது தேவைப்படுகிறது. புதிதாக வருவோருக்கு மொழிப் பயிற்சி தரும் கல்லூரி எது என்பதை எந்தக் கையேடும் சொல்வதில்லை.

மூன்றாவது, பணி நேரமும் பாதுகாப்பும். உறைவிட மருத்துவர்களின் பணி வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு உத்தரவு கூறுகிறது. 2023ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறைகளோ "நியாயமான பணி நேரம்" என்றும் வாரத்துக்கு ஒருநாள் ஓய்வு என்றும் சொல்கின்றன. எது நியாயம் என்பதை ஒவ்வொரு துறையும் தானே வரையறுத்துக்கொள்கிறது. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பணியிலிருந்த முதுநிலைப் பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டுக் கொலைசெய்யப்பட்டார். இரவுப் பணியில் இருக்கும் பெண் மருத்துவருக்கு ஓய்வெடுக்கப் பாதுகாப்பான அறைகூட எல்லா இடங்களிலும் இல்லை என்பதை அதன் பிறகுதான் நாடு பேசியது. பெண்ணைப் பெற்றோர் அறிமுகமில்லாத ஊரைத் தவிர்ப்பதை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது.

நான்காவது, பணம். உதவித்தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. தனியார் கல்லூரிகளில் அறிவிக்கப்பட்ட தொகையும் கைக்கு வரும் தொகையும் ஒன்றாக இல்லை என்ற புகார் நெடுநாளாக உள்ளது. படிப்பு முடிந்ததும் அந்த மாநிலத்தில் கட்டாயப் பணி செய்ய வேண்டும், தவறினால் பல லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற பிணைப்பத்திர விதிகளும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. இத்தகைய பத்திரங்கள் செல்லும் என்று 2019 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வீட்டு வாடகை, விடுதி வசதி, ஊருக்கு வந்துபோகும் செலவு ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டினால், குறைந்த கல்விக் கட்டணம் கொண்ட இடம் அதிகச் செலவு வைக்கும் இடமாகவும் மாறலாம்.

ஒதுக்கீட்டு முறை எதைத் தீர்க்கும்?

பிற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? அமெரிக்காவில் 1952 முதல் தேசிய அளவிலான பொருத்துதல் முறை நடைமுறையில் உள்ளது. நேர்காணலுக்குப் பின் மருத்துவர்கள் மருத்துவமனைகளையும், மருத்துவமனைகள் மருத்துவர்களையும் தத்தம் விருப்பப்படி வரிசைப்படுத்துகின்றனர். கணினி இரண்டையும் இணைக்கிறது. டேவிட் கேல், லாயிட் ஷேப்லி இருவரும் 1962இல் எழுதிய கட்டுரை இத்தகைய பொருத்தங்களின் கணிதத்தை வகுத்தது. ஆல்வின் ரோத் அந்த அடிப்படையில் அமெரிக்க முறையைச் சீரமைத்தார். 1998 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ரோத்தும் ஷேப்லியும் 2012இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ரோத்தின் ஆய்வில் நம் கொள்கை வகுப்போர் ஊன்றிப் படிக்க வேண்டிய ஒரு முடிவு உண்டு. அதற்கு ஊரக மருத்துவமனைத் தேற்றம் என்றே பெயர். இரு தரப்பின் விருப்ப வரிசையும் மாறாதிருக்கும்போது, நிலையான பொருத்தம் ஒன்றில் முழுமையாக நிரம்பாத மருத்துவமனைக்கு, நிலையான வேறு எந்தப் பொருத்தத்திலும் அதே மருத்துவர்களே கிடைப்பார்கள் என்கிறது அது. எளிமையாகச் சொன்னால், ஒதுக்கீட்டுக் கணக்கை எத்தனை நுட்பமாகத் திருத்தினாலும், மக்கள் விரும்பாத ஊரின் காலியிடம் அதனால் நிரம்பாது. ஒன்று விருப்பம் மாற வேண்டும். அல்லது விருப்பத்தின் மீது வரம்பு வைக்க வேண்டும்.

ஜப்பான் வரம்பு வைத்தது. அங்கு 2004இல் புதிய பயிற்சி முறை வந்தபின், இளம் மருத்துவர்கள் ஊர்ப்புற மருத்துவமனைகளை விட்டு நகரங்களை நாடினர். எனவே 2009ஆம் ஆண்டின் பொருத்துதலிலிருந்து மாகாணவாரியாக உச்சவரம்பு விதிக்கப்பட்டது. வரம்பை அமல்படுத்திய விதம் தேவையற்ற இழப்பை உண்டாக்கியதாகவும், அதே வரம்புக்குள் இன்னும் பலருடைய விருப்பத்தை நிறைவேற்றியிருக்க முடியும் என்றும் கமாதா, கொஜிமா ஆகிய இரு பொருளியலர்கள் 2015இல் காட்டினர். கட்டாயப்படுத்தும் முறைக்கும் நல்ல வடிவமைப்பு தேவை என்பது அதிலிருந்து கிடைக்கும் பாடம்.

இந்தியாவில் நாம் இவ்விரண்டுக்கும் இடையே நிற்கிறோம். பிணைப்பத்திரம் கட்டாயத்தின் ஒரு வடிவம். ஊர்ப்புறங்களில் பணியாற்றிய அரசு மருத்துவர்களுக்கு ஊக்க மதிப்பெண் தருவதும், மாநில ஒதுக்கீட்டில் தமிழ்நாடு அவர்களுக்கு 50 விழுக்காடு இடங்களை வழங்குவதும் விருப்பத்தை மாற்றும் முயற்சிகள். அரசு மருத்துவர்களுக்கு இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்பதை 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. முதுநிலை மாணவர்கள் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டமும் நல்லதே. ஆயினும், நேரடித் தேர்வில் வரும் இளைஞர் தம் பட்டியலை எழுதும் நாளில் இவை எதுவும் அவருக்கு வெளிச்சம் தருவதில்லை.

யாருக்கு இழப்பு?

இது சில ஆயிரம் குடும்பங்களின் தனிப்பட்ட கவலை மட்டுமன்று. பயிற்சி பெற்ற ஊரிலேயே மருத்துவர்கள் நிலைத்துவிடும் போக்கு பல நாடுகளில் காணப்படுகிறது. அமெரிக்காவில் பயிற்சி முடித்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்ற மாநிலத்திலேயே பணியாற்றுகின்றனர். மூன்று ஆண்டுகளில் ஆசிரியரின் பரிந்துரை கிடைக்கிறது. சக மருத்துவர்களின் தொடர்பு வளர்கிறது. பலருக்குத் திருமணமும் அந்தக் காலத்திலேயே நடக்கிறது. பிறகு ஊர் மாறுவது எளிதன்று. ஆகவே, இன்று பயிற்சிக்கு விரும்பப்படாத ஊர், பத்து ஆண்டுகள் கழித்து மயக்கவியல் நிபுணர் இல்லாத ஊராகவும், குழந்தைகள் நல மருத்துவர் இல்லாத ஊராகவும் ஆகிறது. நள்ளிரவில் ஒரு கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு அடுத்த மாவட்டத்துக்கு ஓடும் ஆம்புலன்ஸின் காரணத்தைத் தேடிப்போனால், அதன் ஒரு நுனி அந்த விருப்பப் பட்டியலில் இருக்கும்.

நாட்டில் 2014க்கு முன் சுமார் 31,000ஆக இருந்த முதுநிலை மருத்துவ இடங்கள், பத்து ஆண்டுகளில் 70,000ஐத் தாண்டிவிட்டன. தமிழ்நாட்டில் மட்டும் 2022 ஜனவரியில் விருதுநகர், ராமநாதபுரம், அரியலூர், கிருஷ்ணகிரி, நீலகிரி உள்ளிட்ட 11 ஊர்களில் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. இவை போற்றத்தக்க முதலீடுகள். ஆனால், இடங்களின் எண்ணிக்கை மட்டும் வளர்ந்து, அவற்றைப் பற்றிய நம்பகமான செய்தி வளராவிட்டால் என்ன நேரும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. இரண்டு லட்சம் பேர் போட்டியிடும் தேர்வில், இடங்கள் காலியாகக் கிடந்ததால், 2023இல் முதுநிலை நீட் தகுதி வரம்பைப் பூஜ்ஜிய சதமானமாகக் குறைக்க நேர்ந்தது.

ஏற்கெனவே இருக்கும் தரவு

இதற்கு ஒரு தீர்வு அரசின் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளது. கலந்தாய்வுக்கு முன்பே கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் உள்ளிட்டவற்றைத் தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் வெளியிட வேண்டும் என்று, இடங்களை முடக்கிவைப்பது தொடர்பான வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கட்டணத்துக்குப் பொருந்தும் நியாயம் பயிற்சிக்கும் பொருந்த வேண்டும்.

ஒவ்வொரு துறையைப் பற்றியும் ஒரே படிவத்தில், ஒரே இணையதளத்தில், கீழ்க்காணும் விவரங்கள் கலந்தாய்வுக்கு ஒரு மாதம் முன்பே வெளியாக வேண்டும்: பணியில் உண்மையாக இருக்கும் ஆசிரியர்களின் எண்ணிக்கை, சென்ற ஆண்டு படிப்பை முடித்தவர்கள் தாமே செய்த சிகிச்சைகளின் சராசரி, வாராந்தரப் பணி நேரம், வழங்கப்பட்ட உதவித்தொகையும் வழங்கப்பட்ட தேதியும், பிணைப்பத்திரத்தின் காலமும் தொகையும், பெண்களுக்கான விடுதி, இரவுப் பணி அறை, சேர்ந்தவர்கள், இடையில் விலகியவர்கள், தேர்ச்சி பெற்றவர்கள் ஆகியோரின் எண்ணிக்கை.

இவற்றில் பெரும்பாலானவை புதிதாகத் திரட்ட வேண்டியவை அல்ல. ஆசிரியர்களின் வருகை ஆதார் வழியே பதிவாகிறது. முதுநிலை மாணவர்கள் தாம் செய்த பணிகளைப் பதிவேட்டில் குறித்து வருகிறார்கள். கல்லூரிகள் ஆண்டுதோறும் தேசிய மருத்துவ ஆணையத்திடம் விவரங்களைத் தாக்கல் செய்கின்றன. கண்காணிப்புக்காகத் திரட்டப்படும் இந்தத் தரவு, தெரிவுசெய்வோரின் கண்ணுக்கு வருவதில்லை என்பதே குறை.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது, விவரங்கள் வெளிவந்தால் சிறு நகரக் கல்லூரிகள் மேலும் ஒதுக்கப்படும் என்பது. அவை இப்போதே வதந்தியின் பேரில் ஒதுக்கப்படுகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. நல்ல துறை நல்லதென்று தெரிவதற்கு வாய்ப்புக் கிடைக்கும். குறையுள்ள துறைக்கு எதைத் திருத்த வேண்டும் என்பது தெரியும். இரண்டாவது, கல்லூரிகள் எண்களைக் கூட்டிச் சொல்லும் என்பது. இது உண்மையான ஆபத்து. படிப்பை முடித்து வெளியேறுவோரிடம், பெயர் வெளிவராத வகையில், ஆணையமே நேரடியாகக் கருத்துக் கேட்டு அதையும் அருகில் வெளியிட்டால் மிகைக்கூற்று எளிதில் அம்பலமாகும்.

செய்தி ஒன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடாது என்பதும் உண்மை. வாழ்க்கைத் துணைக்கு வேலையும் குழந்தைக்கு நல்ல பள்ளியும் இல்லாத ஊரில், எத்தனை சிறந்த துறை இருந்தாலும் மருத்துவர் நிலைக்கமாட்டார். கல்லூரிக் கட்டடத்தோடு அரசின் கடமை முடிவதில்லை. குடியிருப்பு, பாதுகாப்பு, உரிய நேரத்தில் உதவித்தொகை ஆகியவையும் மருத்துவக் கல்வியின் பகுதிகளே.

இந்த ஆண்டு பட்டியல் எழுதப்போகும் இளம் மருத்துவர்களுக்கு ஓரிரு சொற்கள். ஒரு சுற்றுக்குள் தரவரிசைப்படியே இடம் ஒதுக்கப்படுவதால், கிடைக்காது என்று அஞ்சி விரும்பிய இடத்தைக் கீழே இறக்குவதில் எந்தப் பயனும் இல்லை. உண்மையான விருப்ப வரிசையையே எழுதுங்கள். ஆனால், எந்தச் சுற்றுக்குப் பின் விலக முடியாது, விலகினால் வைப்புத்தொகை போகுமா என்பதை விதிகளில் நேரில் படித்துக்கொள்ளுங்கள். அரசு வெளியிடாத விவரங்களை அந்தத் துறையில் இப்போது இரண்டாம் ஆண்டு படிப்பவரிடம் கேளுங்கள். முடிந்தால் ஒருமுறை நேரில் சென்று, ஓர் இரவு அவசரச் சிகிச்சைப் பிரிவு எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

இவ்வளவு அலைச்சலுக்கும் செலவுக்கும் வசதியுள்ள குடும்பங்களே அந்த விவரங்களைப் பெறுகின்றன. முதல் தலைமுறை மருத்துவர்களுக்கு விசாரிக்க ஆள் இல்லை. அடுத்த கலந்தாய்வுக்கு முன் அரசும் ஆணையமும் செய்ய வேண்டியது, தம்மிடம் ஏற்கெனவே உள்ளதை அவர்களுக்கும் காட்டுவதுதான்.